மூன்று வார விடுப்பில் டம்மி டக்: லண்டனா, இஸ்தான்புல்லா, சேலமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்க வரும் மற்றவர்களுக்கும் புரியும். வயது 38. லண்டன் பக்கம் ரெடிங்கில் வேலை. இரண்டு சிசேரியன், சின்னவனுக்கு நான்கு வயது. தொங்கும் வயிற்றுத் தோலை எடுத்துவிட டம்மி டக் செய்துகொள்ள ஆசை. லண்டனில் 9,000 பவுண்டு சொல்கிறார்கள். இஸ்தான்புல்லில் ஹோட்டல், கார் எல்லாம் சேர்த்து ஏழு நாள் பேக்கேஜ் 4,500 பவுண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷனும் பின்புறத்தில் கொழுப்பு ஏற்றுவதும் அதிலேயே அடக்கம். சேலத்தில் இரண்டரை லட்சம் ரூபாய். ஆகஸ்டில் மூன்று வார விடுப்பில் அழகாபுரத்தில் அம்மா வீட்டுக்கு வருகிறீர்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் முடித்துக்கொண்டு, ஏற்காட்டில் பத்து நாள் தங்கித் தேறிவிட்டுக் கிளம்பலாமா என்று யோசிக்கிறீர்கள். ‘எங்கே மலிவு’ என்று எழுதியிருந்தாலும், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, இவ்வளவு காசு மிச்சமாவதற்கு அந்த அபாயம் தகுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் சேலத்தில் மயக்க மருத்துவராக, முதலில் அரசு மருத்துவமனையிலும் பிறகு தனியாரிலும் பல வருடங்கள் வேலை பார்த்தவன். கத்தி பிடிப்பது நானில்லை. டேபிளின் தலைமாட்டில் உட்கார்ந்து, நோயாளி கண் விழித்து வார்டுக்குப் போகும்வரை கூட இருப்பது என் வேலை. அதனால் தழும்பு எவ்வளவு மெலிதாக வரும், தொப்புள் எப்படி அமையும் என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பிளாஸ்டிக் சர்ஜன்தான் அதைச் சொல்ல வேண்டும். மூச்சு, ரத்தக்கட்டி, கிருமி, செலவு, வீட்டுக்கு வந்த பிறகு கிளம்பும் தொந்தரவு, இவற்றைப் பற்றி என்னால் பேச முடியும். ‘ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று உங்கள் அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உடம்பு உங்களுடையது, அந்தப் பேச்சுக்குள் நான் வரவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஸ்தான்புல் பேக்கேஜ் வேண்டாம். சேலமோ கோவையோ சென்னையோ, இங்கே தாராளமாகச் செய்துகொள்ளலாம், ஆனால் மூன்று வார விடுப்பில் வேண்டாம். ஐந்தாறு வாரம் கிடைக்கும்போது வாருங்கள். அது கிடைக்கவே கிடைக்காது என்றால், கூடுதல் காசு போனாலும் குடியிருக்கும் ஊரிலேயே செய்துகொள்ளுங்கள்.

டம்மி டக்கை லேசாக நினைக்கும்படி விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்கம் வரை அடிவயிற்றைக் கீறி, தோலையும் கொழுப்பையும் விலா வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, கர்ப்பத்தில் விலகிப்போன இரண்டு தசைகளையும் நடுவில் இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி, தொப்புளுக்குப் புதிதாக வழி வைத்து மூடுவார்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும், பெரும்பாலும் முழு மயக்கத்தில். பிரித்த இடத்தில் நீர் கோக்கும் என்பதால் ட்ரெயின் குழாய் வைப்பார்கள். சிலருக்கு இரண்டு வாரம் வரை அது இருக்கும். முதல் வாரம் முதுகை நிமிர்த்தி நடக்க முடியாது. ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, உங்கள் சின்னவன் உட்பட.

இதில் என்னைப் போன்றவர்களைத் தூங்கவிடாத விஷயம் ரத்தக்கட்டி. காலில் ரத்தம் உறைந்து, அது பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைக்கும் ஆபத்து, அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் டம்மி டக்கில்தான் அதிகம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தசையை இறுக்கித் தைப்பதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது, காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவது மந்தமாகிறது, வலியில் ஆள் நடப்பதும் குறைகிறது. 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் நடுவயதுப் பெண்கள் சுமார் 9.5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மருத்துவமனையில் தங்கி ஏதோ ஓர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 140 பேருக்கு ஒருவர் 12 வாரத்துக்குள் ரத்தக்கட்டியோடு மருத்துவமனைக்கு வந்தார். அறுவை சிகிச்சையே இல்லாதவர்களில் அதே கால அளவில் 6,200 பேருக்கு ஒருவர். ஆபத்து உச்சத்தில் இருந்தது மூன்றாவது வாரத்தில். இந்த எண்ணை அப்படியே உங்கள் மேல் போட முடியாது. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள், மூட்டு மாற்று, புற்றுநோய் அறுவை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆனால் ‘மூன்றாவது வாரம்’ என்பதை உங்கள் டிக்கெட்டோடு வைத்துப் பாருங்கள். வந்து இறங்கி, டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எடுத்து, ஐந்தாம் நாள் ஆபரேஷன் என்றால் நீங்கள் திரும்பிப் பறப்பது பதினைந்து, பதினாறாம் நாள். சேலத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 340 கிலோமீட்டர் காரில் உட்கார்ந்து, அப்புறம் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் ரத்தக்கட்டி வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமான ஆளுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற சின்ன எண்தான். அறுவை சிகிச்சையும் நீண்ட பயணமும் சேரும்போது ஆபத்து கூடும் என்பது உறுதி. இத்தனை மடங்கு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். டம்மி டக்குக்குப் பிறகு விமானம் ஏற 7 முதல் 10 நாள் காத்திருக்கச் சொல்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ். அதற்கு முன்னால் ஏறாதே என்பதுதான் அதன் பொருள், பதினோராம் நாள் கவலை தீர்ந்தது என்பதல்ல. சரி, நியாயமாகவும் பேச வேண்டும்: பயண தூரத்தில் இஸ்தான்புல்லுக்கே அனுகூலம், அங்கிருந்து லண்டன் நான்கு மணி நேரம்தான். ஆனால் அந்த பேக்கேஜ் உங்களை ஏழாம் நாளே விமானத்தில் ஏற்றிவிடுகிறது.

அந்த பேக்கேஜில் எனக்கு உறுத்துவது துருக்கி என்ற நாடு இல்லை. அங்கே நல்ல சர்ஜன்களும் நல்ல மருத்துவமனைகளும் இருக்கின்றன. உறுத்துவது அந்த ‘அடக்கம்’. டம்மி டக், பெரிய அளவு லிப்போசக்‌ஷன், பின்புறத்தில் கொழுப்பு ஏற்றுவது என மூன்றையும் ஒரே மயக்கத்தில் செய்தால் நேரம் நீளும், ரத்த இழப்பு கூடும், உடம்புச் சூடு இறங்கும், ரத்தக்கட்டி வாய்ப்பு ஏறும். போதாததற்கு, வயிற்றில் கீறலும் பின்புறத்தில் ஏற்றிய கொழுப்பும் இருக்கும்போது எப்படிப் படுப்பது, அதோடு நான்கு மணி நேரம் விமானத்தில் எப்படி உட்காருவது என்று கேட்டுப் பாருங்கள். பின்புறத்தில் கொழுப்பு ஏற்றுவது தனியாகவே ஆபத்தானது. ஊசி தசைக்குள் போனால் அங்குள்ள பெரிய சிரைக்குள் கொழுப்பு புகுந்து நேரே நுரையீரலுக்குப் போய்விடும்; டேபிளிலேயே உயிர் போகலாம். 2017இல் பிளாஸ்டிக் சர்ஜன்களின் குழு ஒன்று போட்ட கணக்குப்படி 3,000 பேரில் ஒருவர் அளவுக்கு மரணம் நேர்ந்தது. பிரிட்டனின் அழகு அறுவை சர்ஜன்கள் சங்கம் 2018இல் தன் உறுப்பினர்களை இதைச் செய்யவே வேண்டாம் என்று சொல்லி, 2022இல்தான் தசைக்குள் போகாமல் தோலுக்கடியில் மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப அனுமதித்தது. அப்படிப்பட்ட ஒன்று, நீங்கள் கேட்காமலேயே கொசுறாக வருகிறது. சர்ஜன் யார் என்று கேட்டதற்கு ‘எங்கள் டீம்’ என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெயரில்லாத சர்ஜனிடம் யாரும் படுக்கக் கூடாது.

துருக்கிக்குச் சிகிச்சைக்குப் போய் இறந்த பிரிட்டன்காரர்கள் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்த மரணங்கள் உண்மை, பிரிட்டன் வெளியுறவுத் துறையே பயணிகளை எச்சரிக்கிறது. ஆனால் மொத்தம் எத்தனை பேர் போனார்கள், அதில் எத்தனை பேருக்கு என்ன ஆனது என்ற சுத்தமான கணக்கு கிடையாது. அதனால் ‘அங்கே போனால் இத்தனை மடங்கு ஆபத்து’ என்று என்னால் சொல்ல முடியாது. இந்தியாவுக்கும் இதே குறைதான். தனியார் மருத்துவமனைகள் தங்கள் சிக்கல் விகிதத்தை வெளியிடுவதில்லை. ‘எங்களிடம் சிக்கலே வந்ததில்லை’ என்று சொல்லும் இடத்தில் ஒன்று ஆபரேஷன் அதிகம் நடக்கவில்லை, அல்லது நோயாளியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிருமி விஷயத்தில் நம் ஊருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். கடைசிக்கென்று வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் தோற்கடிக்கும் என்டிஎம்-1 என்ற மரபணு சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் நோயாளிகளிடம் இருப்பதை 2010இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை காட்டியது. முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அதில் வந்த பிரிட்டன் நோயாளிகளில் சிலர் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ மருத்துவமனையில் இருந்தவர்கள். அழகு அறுவை சிகிச்சைக்காக வந்தவர்களும் அதில் இருந்தார்கள். இந்தியாவின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது இங்கே பெரிய கோபம் கிளம்பியது. கோபத்தால் கிருமி போய்விடவில்லை. ஒழுங்கான ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடத்தில் ஓரிரு நாள் மட்டும் தங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு இது தொற்றும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் ஊர் திரும்பிய பிறகு ஒரு வருடத்துக்குள் எதற்காக அங்கே அட்மிட் ஆனாலும், இந்தியாவில் ஆபரேஷன் ஆனதை மறைக்காதீர்கள். அவர்கள் தனியே பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மெதுவாக வரும் கிருமி. காசநோய்க் கிருமியின் பங்காளி வகை ஒன்று உண்டு. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால், குழாய்த் தண்ணீர் பட்டால், அது புண்ணுக்குள் போய்விடும். 2013, 2014 வாக்கில் டொமினிகன் குடியரசில் டம்மி டக், லிப்போசக்‌ஷன் செய்துகொண்டு அமெரிக்கா திரும்பியவர்களுக்கு இது வந்தது. நம் ஊரில் லேப்ராஸ்கோப்பித் துளைகளில் வருவதை எந்த சர்ஜனும் அறிவார். தையல் ஆறி, எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது, பல வாரம் கழித்துக் கட்டிகட்டியாகக் கிளம்பிச் சீழ் கசியும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சரியான கல்ச்சர் பரிசோதனை கேட்டு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் இரண்டு மூன்று மருந்து ஓட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ரெடிங்கில் ஒரு ஜிபி (குடும்ப மருத்துவர்) முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் கையில் இருக்கப் போவது எட்டு வரி டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். ஆகவே எங்கே செய்தாலும் ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துச் சீட்டு, கொடுத்த மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

என் துறையிலிருந்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2023இல் மெக்சிகோவின் மட்டமொரோஸ் நகரில் இரண்டு கிளினிக்குகளில் முதுகில் எபிடியூரல் ஊசி போட்டு அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கர்களுக்குப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்தது. பலர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் சர்ஜனைப் பற்றி விசாரித்திருக்கலாம். ஊசி போடுபவர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? எந்த பேக்கேஜின் படத்திலும் மயக்க மருத்துவர் முகம் இருக்காது.

இப்போது காசு. இரண்டரை லட்சம் என்று சொன்னவர்கள் ஜிஎஸ்டி சேர்த்தார்களா என்று கேளுங்கள். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. அதிலேயே 45,000 ஏறி 2,95,000 ஆகிறது. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2,565 பவுண்டு. ரத்தப் பரிசோதனை, இறுக்கிப் பிடிக்கும் உடை இரண்டு (வியர்வையில் ஒன்று போதாது), ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, துணைக்கு ஆள், டிக்கெட் தேதி மாற்றும் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் கூடுதல் மூன்று வாரச் சம்பளமில்லா விடுப்பு, இவற்றைச் சேர்த்தாலும் பெரும்பாலும் லண்டனைவிடக் குறையும். அதை மறுக்கவில்லை. ஆனால் ஏதாவது ஆனால் வரும் செலவுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்திய மருத்துவக் காப்பீட்டில் அழகு அறுவை சிகிச்சை நிலையான விலக்கு. சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுச் செய்துகொண்ட ஆபரேஷனால் வரும் சிக்கலுக்குப் பணம் தராது. ஊர் திரும்பிய பிறகு உயிருக்கு ஆபத்து என்றால் என்எச்எஸ் பார்க்கும். தொப்புள் கோணலாக இருக்கிறது, தழும்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்றால் பார்க்காது. வழக்கு என்று போனால், இங்கே நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவர் மீது புகார் கொடுக்கலாம், 1995இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ரெடிங்கில் இருந்துகொண்டு நடத்துவது எவ்வளவு நடைமுறை என்று நீங்களே யோசியுங்கள். இஸ்தான்புல்லில் அதைவிடக் கஷ்டம்.

சேலத்தில் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். எம்.எஸ் முடித்து அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது அதற்கு இணையான டிஎன்பி இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகை அறுவை சிகிச்சைக்கான தகுதி இல்லை. ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கம் போனால் பலகைகளுக்குக் குறைவில்லை. உண்மையான பிளாஸ்டிக் சர்ஜன்கள் சேலத்தில் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நாள் பெரும்பாலும் தீக்காயம், விபத்து, இயந்திரத்தில் சிக்கிய கை, சர்க்கரைப் புண் என்றே போகும். டம்மி டக் எத்தனை செய்திருக்கிறீர்கள், போன வருடம் எத்தனை என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குறைவாகச் செய்பவர் என்றால் கோவைக்கோ சென்னைக்கோ போகலாம். கோவை காரில் மூன்று மணி நேரம், திரும்பக் காட்ட வருவதும் சுலபம். மயக்க மருத்துவரை முந்தின நாளே சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அதே கட்டடத்தில் ஐசியூ இருக்கிறதா, ரத்தம் எங்கிருந்து வரும், தியேட்டரில் நீங்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் மானிட்டர் உண்டா, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் யார் போன் எடுப்பார் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘டியூட்டி டாக்டர் இருப்பார்’ என்று பதில் வந்தால், அவருடைய படிப்பு என்ன என்பது அடுத்த கேள்வி.

ஏற்காடு வேண்டாம். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் உடம்பு சாயும்போது புதிதாகத் தைத்த தசை வலிக்கும், வாந்தி வந்தால் இன்னும் மோசம். மேலே போன பிறகு நடு ராத்திரி நெஞ்சு அடைத்தால் அதே வளைவுகளில் இறங்கி வர வேண்டும், சேலத்தில் ஐசியூ வாசலை மிதிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். குளிரான இடத்தில் புண் சீக்கிரம் ஆறும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நீங்கள் மலைக்குப் போக நினைப்பது ஒளிந்துகொள்ளத்தான், அது புரிகிறது. ஆகஸ்டில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள் வருவார்கள். அதற்கு வழி மாதத்தை மாற்றுவதுதான். ஆபரேஷனை ஊரிடம் மறைக்கலாம், ஆனால் கூட இருக்கும் ஒருவரிடமாவது எல்லாம் சொல்லியிருக்க வேண்டும்: ட்ரெயின் குழாயில் எவ்வளவு நீர் வந்தது என்று எழுதி வைக்க, ராத்திரி எழுந்து நடக்கத் தோள் கொடுக்க, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் உடனே வண்டி பிடிக்க. உங்கள் அம்மாவைத் தவிர அதற்கு வேறு யார்? லண்டனில் 9,000 பவுண்டு கொடுத்தாலும் அது கிடைக்காது. அவர் பிரசவப் பத்தியம் போடுவார், கத்தரிக்காய் கூடாது என்பார். சண்டை போடாதீர்கள். முட்டையும் பருப்பும் மட்டும் குறைக்க விடாதீர்கள், புண் ஆறப் புரதம் வேண்டும்.

டிக்கெட் போடும் முன்பே அங்கே உங்கள் ஜிபியிடம் சில வேலைகளை முடித்துவிடுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுத்தால் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தி வேறு வழிக்கு மாற வேண்டும். சிகரெட், வேப் இருந்தால் அதுவும் நான்கு வாரத்துக்கு முன் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் விளிம்பு கறுத்துச் செத்துப்போகும். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். தொப்புள் பக்கம் இருமினால் புடைக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் தசை விலகலாக இருக்கலாம், குடலிறக்கமாகவும் இருக்கலாம். தொடாமல் என்னால் சொல்ல முடியாது. குடலிறக்கம் என்றால் அது அழகு விவகாரமே இல்லை, என்எச்எஸ் பார்க்க வேண்டிய நோய். டம்மி டக் செய்யும் சர்ஜனுக்கும் அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தசை விலகல் மட்டும் என்றால் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் சில மாதம் பயிற்சி செய்து பாருங்கள். தொங்கும் தோல் போகாது, ஆனால் வயிற்றின் பலமும் முதுகு வலியும் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்து அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு இங்குள்ள சர்ஜனிடம் வீடியோவில் பேசுங்கள், தேதி குறிப்பது அப்புறம்.